டாக்டர் முகத்தில் அத்தை படித்தது

ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு மாமியார்தான் கூட வந்தார். கணவருக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் அந்த ஸ்கேன் சென்டர் சுவரெல்லாம், ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம், கேட்பதும் குற்றம் என்று எழுதி ஒட்டியிருந்தது. எங்கள் பக்கத்து மாமியார்கள் இதற்கெல்லாம் அசந்தவர்களா? வாயால் கேட்க மாட்டார்கள். டாக்டர் முகத்தைப் பார்த்தே முடிவு கட்டிவிடுவார்கள். சிரித்தால் பையன், உம்மென்றிருந்தால் பொண்ணு.

டாக்டரம்மா கை, கால், இதயம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். தலைக்கு வந்ததும் பேச்சு நின்றது. படத்தை நிறுத்தி, இரண்டு புள்ளி வைத்து அளந்தார், அழித்தார், மறுபடி அளந்தார். பிறகு அத்தையைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னார்.

மூளைக்குள் நீர் நிற்கிற இடம் ஒன்று உண்டாம். அதன் அகலம் பத்து மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. என் பிள்ளைக்கு மயிரிழை தாண்டியிருந்தது. பெரும்பாலும் தானே சரியாகிவிடும், சில பிள்ளைகளுக்குக் கூடிக்கொண்டே போகும், சில வாரம் கழித்துத் திரும்ப அளந்தால்தான் தெரியும் என்றார். கூடினால் என்ன ஆகும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கணவரிடம் போனில் சொன்னேன். அம்மாவுக்குப் பிரஷர், இப்போதைக்கு மூச்சு விடாதே என்றார். சரியாப்போச்சு. சிட்லபாக்கம் திரும்புகிற ஆட்டோவில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, பொண்ணு பொறந்தா என்ன, மகாலட்சுமி என்று ஆரம்பித்தார். அன்றிலிருந்து தினமும் இதே ஆறுதல்தான். சாதம் போடும்போதும் துணி மடிக்கும்போதும், பொண்ணுதான் கடைசிவரை பார்த்துக்கும் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறு ஸ்கேனுக்கு முந்தின நாள், கீரை ஆய்ந்துகொண்டே அவர் மறுபடி ஆரம்பிக்க, வெடித்துவிட்டேன். பொண்ணுன்னு உங்களுக்கு யார் சொன்னா, மூளையில தண்ணி கூட இருக்கு, அதைத்தான் அந்தம்மா அளந்தாங்க என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கை கீரையிலேயே நின்றது. மயங்கிவிடப் போகிறாரோ என்று பயந்து கிட்டே போனேன்.

"அதுக்கு வலிக்குமா?" என்று கேட்டார்.

டாக்டரிடமும் கணவரிடமும் நான் பேசினதெல்லாம் அளவு, அளவு, அளவுதான். இதை யாருமே கேட்கவில்லை. தெரியலையே அத்தை என்று சொல்லி, அவர் மடியில் தலை வைத்து ஓவென்று அழுதேன்.

மறுநாள் டாக்டரம்மா வெகுநேரம் அளந்தார். கூடவில்லை, குறையவும் இல்லை, பிறக்கிறவரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்றார். அத்தை அன்று அவர் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையில் தெரிந்த அந்தச் சின்னத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்தபோதுதான் அத்தை வாயைத் திறந்தார்.

"அழுத்தாம பாருங்கம்மா. தூங்குது."