கட்டிலுக்கு அடியில் செங்கல்

பிள்ளைகளே, போன தீபாவளிக்குத் தாத்தா வீட்டில் நீங்கள் இருவரும் கட்டிலில் ஏற முடியாமல் ஏறி உட்கார்ந்து, இது ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டீர்கள். "அடியில கூட்டணும்ல, அதுக்குத்தான்" என்றார் தாத்தா, அதாவது என் அப்பா. நீங்கள் அதை நம்பிவிட்டு முறுக்கு எடுக்க ஓடிவிட்டீர்கள். அந்தப் பதில் என்னை அங்கேயே நிற்க வைத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன், எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் இப்போது குளுவாங்கில், கடல் வாசனைகூட எட்டாத இடத்தில் இருக்கிறோம். நான் வளர்ந்தது பொந்தியான் பக்கம், தாத்தா இன்னும் இருக்கிற அந்தக் கடலோரக் கிராமத்தில்தான்; மலாயில் கம்பம் என்போமே, அது. அங்கே நிலம் தாழ்வு. கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவில் நீளமாக ஒரு மண்கரை உண்டு. கடல் ஏறுகிற நேரத்தில் அந்தக் கரைமேல் நின்று பார்த்தால் ஒரு பக்கம் தண்ணீர் மேலே இருக்கும், மறுபக்கம் எங்கள் சமையலறை கீழே இருக்கும். எங்களுக்கு அது விசித்திரமாகத் தோன்றியதே இல்லை. எல்லாருடைய சமையலறையும் கடலுக்குக் கீழேதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

தீபாவளி அமாவாசையை ஒட்டி வரும். அமாவாசைக்குக் கடல் பெரிதாக ஏறும். அதனால் எங்கள் கம்பத்தில் பலகாரம் சுடுகிறவர்கள் ஒரு கண்ணை எண்ணெய்ச் சட்டியிலும் இன்னொரு கண்ணைக் கரையிலும் வைத்திருப்பார்கள்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம், கரை ஓரிடத்தில் தாழ்ந்துபோயிருந்தது. அப்பா மண் தோண்டும் இயந்திரம் ஓட்டுபவர். ஒரு லீவு நாளில் முதலாளியிடம் கேட்டு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். ஊர் ஆண்கள் எல்லாரும் மண்மூட்டை சுமந்தார்கள். கரை ஒரு முழம் உயர்ந்தது. வேலை முடிந்து கரைமேல் உட்கார்ந்து மைலோ குடித்தபோது, இனிமேல் தண்ணீர் உள்ளே வராது என்று அப்பா சொன்னார். பெருமையில் சொன்னாரோ களைப்பில் சொன்னாரோ தெரியவில்லை. அன்றிலிருந்து அது ஊரே எடுத்துச் சொல்லும் வார்த்தை ஆகிவிட்டது. நானும் பள்ளிப் பேருந்தில் அதைப் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன்.

பக்கத்து வீட்டில் தையல் அத்தை இருந்தார். உறவு இல்லை, கூப்பிட்டுப் பழகியதால் அத்தை. கணவர் இல்லை. அவர் வீட்டில் சம்பாதித்தது அந்தத் தையல் மிஷின்தான். கால் பக்கத்தில் மோட்டார் வைத்தது. நாலு பேர் சேர்ந்தால்தான் அசையும். தீபாவளிக்கு முதல் நாள் காலையில் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணே, நாளைக்கு அமாவாசை. ஆளக் கூப்பிட்டு மிஷின மேசை மேல தூக்கி வச்சிடவா?" என்று கேட்டார்.

அப்பா மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எதுக்கும்மா? பேசாம போய்ப் பலகாரத்தப் பாரு லா" என்றார். அத்தையும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

அப்பா ஆட்டுக்கறி வாங்கப் பட்டணத்துக்குப் போனதும் அம்மா என்னைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டார். குளியலறைக்குச் சுவர் வைத்தபோது மிஞ்சிய செங்கல் அங்கே கிடந்தது. அம்மா கட்டிலின் ஒரு காலைத் தோளால் தூக்கிப் பிடிக்க, நான் செங்கல்லைத் தள்ளினேன். நாலு காலுக்கும் வைத்தோம். அரிசி டின்னுக்கும் வைத்தோம். எதுக்கும்மா என்று கேட்டேன். கால்வாய்த் தண்ணீர் கொஞ்ச நாளாக உப்புக் கரிப்பதையும், அம்மா நட்ட கங்கோங் கீரை கருகிப்போனதையும் நானும் பார்த்திருந்தேன். அம்மா அதையெல்லாம் சொல்லவில்லை.

"கட்டிலுக்கு அடியில கூட்டணும்ல, அதுக்குத்தான்" என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லிடாத. மனசு சங்கடப்படும்" என்றார்.

தீபாவளிக்கு வாங்கிய புதுப் படுக்கை விரிப்பைத் தரைவரை தொங்கவிட்டார். செங்கல் மறைந்துவிட்டது. சாயங்காலம் அப்பா வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அவர் கால் தரையில் பாவவில்லை, சின்னப் பிள்ளை மாதிரி தொங்கியது. கொஞ்ச நேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்து வெளியே ஓடிவிட்டேன்.

மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாமி கும்பிட்டு, தோசையும் கறியும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். கடல் பக்கமிருந்து காற்று பலமாக அடித்தது. தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு வரவில்லை. முதலில் வாசல் கோலத்தின் கலர் பொடி மிதந்து உள்ளே வந்தது. சிவப்பும் மஞ்சளுமாக அழகாகத்தான் இருந்தது. அப்புறம் யாருடையதோ செருப்பு வந்தது. அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். புதுக் கரை உடையவில்லை. அதற்கு இரண்டு பக்கமும் இருந்த பழைய கரைமேல் கடல் ஏறி வந்துகொண்டிருந்தது.

முழங்காலுக்கு மேல் வந்து நின்றது. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிய பெண்களும் ஜிப்பா போட்ட ஆண்களும் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தார்கள். எதிர்வீட்டு லாரிக்கார மாமா நல்ல மனிதர். எங்கள் ஐஸ்பெட்டியைத் தூக்க அவராகவே வந்தார். கட்டிலைத் தாண்டும்போது கால் எதிலோ இடித்தது. விரிப்பைத் தூக்கித் தண்ணீருக்குள் கையால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. வாசலில் போய் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி பேசினார்.

"இங்க வந்து பாருங்க. ஊருக்கெல்லாம் தண்ணி வராது. இவரு கட்டிலு மட்டும் மாடி வீட்டுல நிக்கிது."

நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். தையல் அத்தையும் வந்தார். அவர் கையில் நனைந்த ரவிக்கைத் துணி ஒன்று இருந்தது. அதை எதற்கு எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அம்மா முறுக்கு டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். அம்மா வாயைத் திறப்பதை நான் பார்த்தேன்.

"நான்தான் வச்சேன்" என்றார் அப்பா.

"என்கிட்ட வேணாம்னு சொன்னீங்களே அண்ணே" என்றார் அத்தை. கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்கிற மாதிரி கேட்டார்.

"சொன்னேன்மா."

அவ்வளவுதான். அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டார். எனக்கு உண்மை தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்று முதல் நாளே தலையாட்டியிருந்தேன். தண்ணீரில் உட்கார்ந்து தலையை மூழ்கடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் கடல் இறங்கியது. வீட்டுக்கு வீடு சேறு. அப்பா புதுச் சட்டையோடு அத்தை வீட்டுக்குப் போய் மோட்டாரைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் வைத்தார். மறுநாளும் வைத்தார். அது ஓடவில்லை. அடுத்த மாதம் அத்தை விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்துக்கு நிற்க ஆரம்பித்தார். அப்பாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. அதனால்தானோ என்னவோ, அத்தை வாசலில் நின்றால் அப்பா மோட்டார் சைக்கிளைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவார்.

ஊர் பேசாமல் இருக்குமா? மளிகைக் கடையில் அப்பாவுக்குச் செங்கல்காரர் என்று பெயர் வந்தது. பேருந்தில் பையன்கள் என்னிடம், "உங்க வீட்டு மாடிக்கு லிஃப்ட் இருக்கா?" என்று கேட்டார்கள். அடுத்த தடவை கரைக்கு மண் போட யாரும் அப்பாவைக் கூப்பிடவில்லை. அவராகவே போய் வரிசையின் கடைசியில் நின்று மூட்டை சுமந்தார். நான் கரைப்பக்கம் போவதை விட்டுவிட்டேன். அப்பாவோடு கோயிலுக்குப் போனால் நாலடி பின்னால் நடப்பேன். ஒருநாள் அம்மாவிடம், நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று சாப்பாட்டில் அப்பாவுக்கு இரண்டு மீன் துண்டு விழுந்தது. எனக்கும் அம்மாவுக்கும் குழம்புதான்.

ஒரு மனிதர் முட்டாள் என்று பெயர் வாங்குவதை விட்டுவிட்டு ஏமாற்றுக்காரர் என்று பெயர் வாங்குவாரா? அப்போது எனக்கு விளங்கவில்லை. செங்கல் வைத்தது அம்மா என்று தெரிந்திருந்தால், தண்ணீர் வரும் என்று நினைத்தும் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ஊர் அம்மாவைக் கேட்டிருக்கும். அம்மா சொல்லாமல் இருந்தது அப்பாவின் வார்த்தை பொய்யாகிவிடக் கூடாது என்றுதான். ஒருவர் மானத்தை ஒருவர் மூடப் போய், நடுவில் அத்தையின் மிஷின் முழுகிப்போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை நிமிரவில்லை.

கடல் உயர்ந்துகொண்டே வருகிறது என்று இப்போது டிவியில் சொல்கிறார்கள். அந்தக் கம்பத்தில் எல்லா வீட்டுக் கட்டிலும் இன்று செங்கல் மேல்தான் நிற்கிறது. யாரும் யாரையும் கேட்பதில்லை. நீங்கள் மட்டும்தான் கேட்டீர்கள். "அடியில கூட்டணும்ல" என்ற பதிலை அம்மா எனக்கு மட்டும் சொன்னதாகத்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். நான் அதை அப்பாவிடம் சொன்னதில்லை. அவர்கள் இருவரும் எப்போது, என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. நீங்களும் கேட்க வேண்டாம்.

போன தீபாவளியன்று சாயங்காலம் நீங்கள் எல்லாரும் கோயிலுக்குப் போன பிறகு, நான் மட்டும் வீட்டில் இருந்தேன். விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். உப்பு ஏறி ஒரு செங்கல் பாதி பொடியாகிவிட்டிருந்தது. காரிலிருந்து ஜாக்கியை எடுத்து வந்து அந்தக் காலை மெல்ல உயர்த்தி, புதுச் செங்கல் ஒன்றை வைத்தேன். பொடியைக் கூட்டி அள்ளினேன். பிறகு விரிப்பைத் தரைவரை இழுத்து விட்டேன்.