பொரோட்டாக் கடையில் ஒரு ஜெபம்

என் வீட்டுக்காரர் வாய் திறந்து ஜெபம் செய்து நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதுவும் நாகர்கோவிலில், சாயங்காலமானால் நிற்க இடம் கிடைக்காத ஒரு பொரோட்டாக் கடையில்.

அப்போது அவர் வீட்டுக்காரர் ஆகவில்லை. ஆபீஸில் எனக்கு எதிர் சீட்டுக்காரர், அவ்வளவுதான். எங்கள் விஷயத்தை வீட்டில் சொன்னதும் அம்மா அழுது ஓய்ந்தாள். அப்பா, "ஆளைப் பாக்கணும். ஆனா பேச்சு முடியாம நம்ம வீட்டுல கை நனைக்கப்பிடாது" என்றார். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் சாப்பிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. கடையில் சாப்பிட்டால் அது கணக்கில் வராது என்பது அப்பாவே போட்ட சட்டம். அன்றைக்கு அப்பா சரி என்றால்தான் கல்யாணம். வேண்டாம் என்றால் அவரை மீறிப் போகிற தைரியம் எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

அந்தக் கடையில் நீங்கள் உட்கார்ந்ததுமே உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றுகொள்வார், நீங்கள் எழுந்ததும் உட்கார. அப்பா, அம்மா, நான், இவர் நாலு பேரும் ஒரே மேசையில். இவருக்குப் பின்னால் நின்றவர் நல்ல ஆகிருதி. நாற்காலியில் கையே வைத்துவிட்டார். ஆவி பறக்கப் பொரோட்டாவும் சால்னாவும் வந்தன. இவர் பிய்க்கப் போனார்.

"தம்பி, ஒரு சின்ன ஜெபம் நீங்களே செய்யுங்களேன்" என்றார் அப்பா.

எனக்கு உயிரே போய்விட்டது. எங்கள் சபை வீடுகளில் விருந்தாளியை ஜெபிக்கச் சொல்வது மரியாதை. சபைக் கமிட்டிக்காரரான அப்பா கையில் அது பரீட்சை. இவரோ பிரசங்கம் தொடங்கியதும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் பைக்கில் சாய்ந்துகொள்கிற ரகம்.

கண்ணை இறுக மூடினார். "ஆண்டவரே, இந்தப் பொரோட்டாவுக்காக ஸ்தோத்திரம். சால்னாவுக்காக ஸ்தோத்திரம்." சத்தம் நின்றது. சரக்கு தீர்ந்தது, பிழைத்தோம் என்று நினைத்தேன். எங்கே! மனிதருக்குத் தொடங்கத் தெரிந்த அளவுக்கு முடிக்கத் தெரியவில்லை. கல்லில் நிற்கிற மாஸ்டருக்காக ஜெபித்தார். தண்ணீர் வைத்த அண்ணனுக்காக ஜெபித்தார். பின்னால் நிற்பவர்களுக்குச் சீக்கிரம் இடம் கிடைக்க வேண்டும் என்றுகூட ஜெபித்தார். பக்கத்து மேசைக்காரர் வாயில் கோழியோடு தலையைக் குனிந்துகொண்டார். சால்னாவில் ஆடை கட்டிவிட்டது.

பிறகு குரல் இறங்கியது.

"ஆண்டவரே, எனக்கு ஜெபம் செய்யத் தெரியாது. இவங்க அப்பாவுக்கும் இப்ப அது தெரிஞ்சிருக்கும். ஆனா இந்தப் பிள்ளைய நான் நல்லா பாத்துக்கிடுவேன். அதை மட்டும் அவங்களுக்கு நீங்க கொஞ்சம் சொல்லணும்."

"ஆமென்!"

சொன்னது இவரில்லை, பின்னால் நின்றவர். பாவம், அவருக்குப் பசி, அவரை என்ன சொல்ல! "முடிஞ்சுதுல்லா? எழும்புதியளா?" என்று நாற்காலியை இழுத்தே விட்டார். இவரும் மரியாதையாக எழும்பப் போனார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்பா மெல்லக் கண்ணைத் திறந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இவர் தோளில் கை வைத்து அழுத்தி உட்கார்த்திவிட்டு, பின்னால் நின்றவரைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுக்கணும். மாப்பிள்ளை இன்னும் ஒரு வாய் திங்கல."

மேசைக்கு அடியில் அம்மா என் கையைப் பிடித்து நசுக்கினாள். வலித்தது. விடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.