நீங்க முன்னாடி போங்க

இது எனக்கே நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. நடுராத்திரிகூட இல்லை. மாலை ஏழரை மணி இருக்கும், தெருவிளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கே இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை.

ஒரு சின்ன கேம் கம்பெனியில் பிக்சல் படம் வரைவது என் வேலை. கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து உருவம் கொண்டுவர வேண்டும். முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு கட்டம், அவ்வளவுதான் இடம். அதற்குள் தலை, கை, கால், கோபம் எல்லாம் அடங்க வேண்டும். ஒரு புள்ளி தள்ளிப்போனால் கோபம் சிரிப்பாகிவிடும். அந்த வருஷம் எங்களுக்கு வந்த வேலை, ஜப்பான் நாட்டுப்புறக் கதைகளில் வரும் பேய் பிசாசுகள். ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் காலுமாகத் தத்தித் தாவும் பழைய குடை. ராத்திரியில் கழுத்து மட்டும் பாம்பாக நீளும் பெண். ஆள் இல்லாத நேரத்தில் வந்து குளியலறை அழுக்கை நக்கும் ஒன்று. அதை வரைந்த வாரம் என் குளியலறையைப் பார்த்து, இங்கே வந்தால் அதற்கு மூணு வேளையும் விருந்துதான் என்று சொல்லிச் சிரித்தேன். கூடச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை.

வேலைக்காக அந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தது அக்கா மட்டும். அவள் வேறு ஊரில், இரண்டு பிள்ளைகளோடு. போன் செய்வாள். சாப்பிட்டியா என்பாள், சாப்பிட்டேன் என்பேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது. அவளும் பேச்சுக் கொடுத்துப் பார்த்து, அலுத்துப்போய் வைத்துவிடுவாள். சில திங்கட்கிழமைகளில் ஆபீஸில் வாயைத் திறக்கும்போது குரல் கரகரக்கும். இரண்டு நாளாக யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

கடைசியாக வரைய வேண்டியிருந்தது பெத்தோபெத்தோ-சான். அதற்கு உருவமே கிடையாது. தனியாக நடந்து போகிறவர்களின் பின்னால் காலடிச் சத்தமாக மட்டும் வரும். கெடுதல் எதுவும் செய்யாது. ஒதுங்கி நின்று, நீங்க முன்னாடி போங்க என்று மரியாதையாகச் சொன்னால் தாண்டிப் போய்விடும். கதை அவ்வளவுதான்.

உருவமில்லாததை எப்படி வரைவது? பனிமூட்டமாக வரைந்தேன், நிழலாக வரைந்தேன். டைரக்டர் எதற்கும் தலையாட்டவில்லை. கடைசியில் வெறும் தரையை வரைந்து, ஒவ்வொரு காலடிக்கும் இரண்டு புள்ளி தூசி எழும்பி அடங்குகிற மாதிரி அசைய வைத்தேன். பார்த்ததும், இதுதான் என்றார். எனக்கே முதுகு சில்லென்றது.

அதற்குச் சத்தம் வேண்டும். ஒலிப்பதிவு செய்பவரை ஆபீஸில் எல்லோரும் சவுண்டு அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கீழ்த்தளத்து நடைவழியில் என்னைச் செருப்போடு நடக்கச் சொல்லிப் பதிவு செய்தார். மறுநாள் ஹெட்போனை என்னிடம் நீட்டினார்.

டக்… டக்… டக்… என் செருப்பு. நான் நின்றதும் சத்தமும் நின்றது.

அதற்கப்புறம்… மெதுவாக… இன்னொரு அடி. செருப்பில்லாத கால்.

"எதிரொலியா இருக்கும்மா. வெட்டிட்டேன்," என்றார் அண்ணா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலையிலிருந்து தெருவிலும் அது வந்தது. ஆபீஸுக்கும் என் வீட்டுக்கும் கால்மணி நேர நடை. பாதி வழி மூடிக் கிடக்கும் கிடங்குகளின் சுவரோரமாகப் போகவேண்டும். நான் நடந்தால் நடக்கும். நின்றால், ஒரு அடி கூடுதலாக வைத்து நிற்கும். திரும்பினால் தெரு காலி. முதல் நாள் ஓடினேன். அதுவும் ஓடியது… என்னைப் பிடிக்க அல்ல. எனக்குச் சமமாக.

நாலைந்து நாளில் பழகிவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பிடித்தும் போனது. கட்டட வாசல் வரைக்கும் வந்து நின்றுவிடும், படியேறாது. யாரோ துணைக்கு வந்து விட்டுப் போகிற மாதிரி இருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். சொன்னால் போய்விடுமே என்று சொல்லவில்லை.

மெல்ல அதனிடம் பேசவும் ஆரம்பித்தேன். டைரக்டர் கத்தியது, மத்தியானம் தூங்கி வழிந்தது, எல்லாம். அக்காவைப் பற்றித்தான் நிறையச் சொன்னேன். பிள்ளைகளை எந்தச் செல்லப்பெயரில் கூப்பிடுவோம், அம்மா கடைசியாக என்ன சொன்னாள்… அக்காவிடம் பேசவேண்டியதை எல்லாம் பின்னால் வரும் சத்தத்திடம் பேசினேன். அது கேட்டுக்கொண்டே வந்தது.

ஒரு வியாழக்கிழமை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. வழக்கம்போலப் பேசிக்கொண்டே வந்து வாசலில் நின்றேன். அதுவும் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

இன்னொரு அடி வைத்தது. ஈரத் தரையில்… பச்சக். இன்னொன்று. என் பிடரிக்கு வெகு அருகில். மூச்சுக்காற்று இல்லை. ஆனால் யாரோ என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருப்பது மாதிரி…

சுவரோடு ஒட்டி ஒதுங்கினேன். 

"நீங்க… முன்னாடி போங்க."

பச்சக். பச்சக். என்னைத் தாண்டியது.

தெருவில் போகவில்லை. படியேறியது.

முதல் மாடி… இரண்டாம் மாடி… மூன்றாம் மாடி. என் மாடி.

நின்றது.

பூட்டு திறந்தது. சாவி என் கையில் இருந்தது.

கதவு மூடியது.

பின்பக்கமாகவே நகர்ந்து தெருவுக்கு வந்தேன். அண்ணாந்து பார்த்தேன்.

என் ஜன்னலில் விளக்கு எரிந்தது.

எதிர்ப்பக்கத்து நடைபாதைக்குப் போனேன். அதற்கு மேல் கால் நகரவில்லை. யாரையாவது கூப்பிடலாம் என்றால் போன் இல்லை, காலை அவசரத்தில் படுக்கை மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். திரைச்சீலை ஒருமுறை அசைந்தது. ஆள் தெரியவில்லை. அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. விளக்கு அணைந்த பிறகுதான் காலுக்கு உயிர் வந்தது. ஆபீஸுக்கே திரும்பி ஓடினேன்.

சவுண்டு அண்ணா இன்னும் கிளம்பவில்லை. திருடனாக இருக்கும் என்றார். என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் அவர் மனைவியோடு படுக்க வைத்தார். காலையில் இரண்டு பேரும் என்னோடு வந்தார்கள். நான் பூட்டியது பூட்டியபடி இருந்தது கதவு. உள்ளே ஒரு பொருள் கலையவில்லை. தரையில் ஈரம் இல்லை. பயத்தில் ஏதாவது தோன்றியிருக்கும் என்று அண்ணா சமாதானம் சொன்னார். எனக்கும் அப்படியே நம்பிவிடத்தான் ஆசை. அன்றைக்கும் அதற்கு மறுநாளும் என் பின்னால் யாரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். குரலில் ஒரே குதூகலம். வியாழக்கிழமை நான் பேசினது மனசுக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா என்றாள். நான் அப்படிச் சிரித்துக் கேட்டு வருஷக்கணக்காச்சாம். பிள்ளைகளைச் செல்லப்பெயர் சொல்லிக் கொஞ்சினேனாம். அம்மா கடைசியாகச் சொன்னதைச் சொல்லி அவளை அழவைத்துவிட்டேனாம்.

போனைக் காதிலிருந்து எடுத்து, பழைய அழைப்புகளில் அவள் பெயரைத் தேடிப் பார்த்தேன். வியாழக்கிழமை. ஏழு நாற்பத்திரண்டு. நாற்பத்தொரு நிமிஷம்.

அந்த நேரம் நான் தெருவில் நின்றிருந்தேன்.

வேறு என்ன பேசினேன் என்று கேட்டேன். 

"மறந்துட்டியா? ஜன்னல்கிட்ட நின்னுதானே பேசின. கீழ ஒரு பொண்ணு இந்த ஜன்னலையே பாத்துட்டு நிக்கிறா, போகவே மாட்டேங்குறான்னு சொன்னியே. யாருன்னு நான் கேட்டேன்ல?"

"நான் என்ன சொன்னேன்?"

"தெரியலக்கா, தினமும் தனியா பேசிக்கிட்டே வருவான்னு சொன்ன. பாவம்… அவளுக்கு யாருமே இல்ல போலன்னு."