கானர் அங்கிளின் தலைவலி

அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் நாங்கள் முதன்முதலில் குடியிருந்த அபார்ட்மென்டின் படிக்கட்டில் எந்நேரமும் வலித்தைலத்தின் வாசனை மூக்கில் ஏறும். அது எங்கள் வீட்டுத் தைலமல்ல, எதிர்வீட்டு கானர் அங்கிளுடையது. அயர்லாந்துக்காரர், ரக்பியைத் தொழிலாகக் கொண்டவர், ஹூஸ்டனில் ஓர் அணிக்காக ஆட வந்தவர். ரக்பி வீரர் என்றதும் வாசலை அடைத்து நிற்கும் ஆளை எதிர்பார்த்த என் அம்மா, ஒல்லியான அந்த மனிதரைப் பார்த்ததும், "இந்தப் பையனையா அந்த எருமைகளோட முட்ட உடறாங்க?" என்று ஈரோட்டுத் தமிழில் அப்பாவிடம் கேட்டாள்.

முட்டுவது மற்றவர்கள் வேலை. இரண்டு அணியின் பூதங்களும் தலையைக் கோத்துக்கொண்டு தள்ளும்போது, அந்தக் கால்களுக்கிடையே குனிந்து பந்தை எடுத்து, யாராவது மேலே விழுவதற்குள் தன் ஆட்களுக்கு வீசுகிறவர்தான் "ஸ்க்ரம்-ஹாஃப்". கானர் அங்கிள் பத்தொன்பது வயதிலேயே தன் ஊர் அணியில் அந்த இடத்தைப் பிடித்தவர். ஒருமுறை அயர்லாந்து தேசிய அணியின் மாற்று ஆட்டக்காரராக, அவருடைய அம்மா பார்த்துக்கொண்டிருக்க, எல்லைக்கோட்டோரம் ஓடி ஓடி உடம்பைச் சூடாக்கியபடி காத்திருந்தாராம். கடைசிவரை யாரும் உள்ளே அழைக்கவில்லை. பிறகு தோள்பட்டை அறுவை சிகிச்சை, அவர் இடத்தில் ஓர் இளைஞன், பிரான்சில் ஒரு சின்ன அணி, அப்புறம் டெக்சாஸ். இதையெல்லாம் எங்கள் வீட்டு அரிசிம்பருப்புச் சாதத்தை நெய்யூற்றிச் சாப்பிட்டபடி, யாருக்கோ நடந்ததுபோலச் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு அப்போது பதினொரு வயது. அந்தச் சிரிப்பை நான் அப்படியே நம்பினேன்.

எங்கள் காம்ப்ளெக்ஸில் விசா சந்தேகம் என்றால் வக்கீலுக்கு முன்னால் அப்பாவிடம்தான் வருவார்கள். கிரீன் கார்டுக்காகக் காத்துக் காத்துத் தேர்ந்த கை அவர். அவருடைய வேதம் ஒரே வரிதான்: "கார்டு கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்கப்படாது." வேலை ஆட்டம் காண்கிறது என்றாலும் சொல்லக்கூடாது, வீடு பார்க்கிறோம் என்றாலும் சொல்லக்கூடாது. அம்மாவுக்குச் சர்க்கரை வந்ததையே கோயிலில் யாருக்கும் தெரியாமல் கமுக்கமாக வைத்திருந்தோம். யாரிடம் எதற்காக மறைக்கிறோம் என்று எங்களுக்கே தெரியாது. ஆனால் எங்களைப்போன்ற எல்லா வீடுகளிலும் அப்படித்தான்.

அந்த வசந்தத்தில் ஒருநாள் பயிற்சியில் யாருடைய முழங்காலோ கானர் அங்கிளின் தலையில் இடித்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்று நாள் ஜன்னலை மூடிக்கொண்டு கிடந்தார், சாப்பிட்டது வயிற்றில் நிற்கவில்லை. ஒப்பந்தம் முடியப்போகிறது, அணி புதுப்பித்தால்தான் விசா நீளும், தலையில் அடி என்று தெரிந்தால் ஆட விடாமல் உட்கார வைத்துவிடுவார்கள், இந்த வயதில் வேறெந்த அணியும் தன்னைச் சீந்தாது என்று, கண்ணை இடுக்கிக்கொண்டு, எங்கள் சோபாவில் உட்கார்ந்து சொன்னார். என்ன செய்யட்டும் என்று அப்பாவிடம்தான் கேட்டார்.

"டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. பட்ட காலிலே படும்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு. இப்பச் சொன்னா மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பீருவான். பேப்பர்ல கையெழுத்து ஆகட்டும், அப்புறம் எந்த டாக்டர வேணாலும் பாக்கட்டும்."

அதையே ஆங்கிலத்தில் கானர் அங்கிளிடம் சொன்னார் அப்பா. "தம்பி" என்ற சொல் மட்டும் தமிழில். சொந்தத் தம்பியாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார் என்பதுதான் இதில் தாங்க முடியாத விஷயம்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு நாங்களும் போயிருந்தோம். பந்தை எடுக்கக் குனிந்தவர் மேல் ஒருவன் விழுந்தான். பெரிய அடியாகத் தெரியவில்லை. கானர் அங்கிள் எழுந்தார், சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார், நேராகப் போய் எதிரணியோடு நின்றுகொண்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா மட்டும் எழுந்து நின்றுவிட்டார். அதற்குள் கானர் அங்கிள் கால் மடிந்து விழுந்தார். அதுதான் அவருடைய கடைசி ஆட்டம்.

இன்று அந்த அணியே இல்லை, கலைத்துவிட்டார்கள். அவர் பந்து வீசிப் பழகிய புல்வெளி கார் நிறுத்துமிடமாகிவிட்டது. எங்களுக்குக் கிரீன் கார்டு போன வருடம் வந்தது. அம்மா இப்போது தன் சர்க்கரை அளவைக் கோயிலில் எல்லா ஆன்ட்டிகளிடமும் தாராளமாகச் சொல்கிறாள். நான் ஆஸ்டினில் படிக்கிறேன். எப்போதாவது ஞாயிறு வீட்டுக்குப் போனால் அப்பாவின் போன் அடிக்கும். அயர்லாந்தில் அக்கா வீட்டிலிருக்கும் கானர் அங்கிள்தான். என் பெயர் அவருக்கு நினைவில்லை, அம்மாவின் சமையல் நினைவில்லை, தேசிய அணிக்காகக் காத்திருந்த அந்த நாள்கூட நினைவில்லை. அப்பா சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. ஒவ்வொரு வாரமும், குரலைத் தாழ்த்தி, அதையேதான் கேட்கிறார்: தலைவலி இருக்கிறது, இப்போது டாக்டரிடம் சொல்லலாமா?

"சொல்லிடு, தம்பி" என்கிறார் அப்பா. அடுத்த வாரமும் சொல்வார்.