தரிசு என்று மனு போட்ட நிலம்

வடக்கனந்தல் ரோட்டோரம் எங்களுக்கு அரை ஏக்கர் இருக்கிறது. காலேஜைப் பாதியில் விட்ட நான், அதில் வண்டி கழுவும் ஷெட் போட நினைத்தேன்.

விவசாய நிலத்தில் ஷெட் கூடாதாம். சரி, “பல வருடமாகத் தரிசு, இனி எதுவும் விளையாது, விலக்கு கொடுங்கள்” என்று மனு போட்டுவிட்டு, சென்னைக்கு டெலிவரி வேலைக்குப் போய்விட்டேன். இன்று இடத்தைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்று காலையில்தான் வந்து இறங்கினேன்.

நிலம் முழுக்க உளுந்து. பூவும் பிஞ்சுமாக நிற்கிறது.

“இதாம்பா தரிசா?” என்றார் பார்க்க வந்த அதிகாரி மேடம்.

நான் அப்பாவைப் பார்த்தேன். “இன்னா நைனா இது?”

“நீதானடா மனு போட்டப்பவே ஆபீசரு பாக்க வருவாங்கன்ன? மொட்டையா கெடந்தா நம்பள இன்னா நெனைப்பாங்க? அதான் உழுது வெதச்சேன். ஒரு களை இருக்குதா பாருங்க மேடம்.”

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “இப்ப நான் இன்னா எழுதறது, பெரியவரே?”

“நல்லா வெளையுதுன்னு எழுதிக்கங்க.”

அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். என் ஷெட் அங்கேயே முடிந்தது.

கள்ளக்குறிச்சி பக்கம் வாடகைக்கு இடம் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். நைனாவுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.