விசாரணை கவுன்டர் அண்ணி

எங்கள் அண்ணியிடம் யாரும் ஒரு கேள்வியை முழுசாகக் கேட்டு முடித்ததில்லை. "இந்த எக்ஸ்ரே..." என்று ஒருவர் இழுப்பதற்குள், "நேராப் போங்க, லிஃப்டுக்கு எதிர்ல, பழைய ஃபிலிம் இருந்தா கையில எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் விசாரணை கவுன்டரில் அவருக்கு வேலை. கண்ணாடித் தடுப்பில் ஒரு வட்ட ஓட்டை இருக்கும். அங்கே வந்து நிற்கிறவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அண்ணியின் பதிலைக் கேட்ட பிறகுதான் பாதி உயிர் திரும்பி வரும். எனக்கு இதில் ரொம்பப் பெருமை. நாத்தனார் சொல்கிறேன், நம்புங்கள்.

சிக்கல் என்னவென்றால், டியூட்டி முடிந்தாலும் கவுன்டர் மூடுவதில்லை. டாக்டர் எங்கள் அண்ணனைப் பார்த்து "எங்க வலிக்குது?" என்று கேட்டால், வலிக்கிற இடத்தை அண்ணி சொல்வார். அண்ணன் நாளெல்லாம் பஸ் ஓட்டிக் களைத்து வருகிற மனிதர். "அவ சொன்னா சரிதான் டாக்டர்" என்று சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். கல்யாணமான புதிதிலேயே அவர் தன் வாயை அண்ணியிடம் ஒப்படைத்துவிட்டார். கேட்டால் வசதியாக இருக்கிறது என்பார்.

அவர்களுடைய ஒரே பெண் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஆள் சின்னது, காரம் அதிகம் என்பதால் நான் வைத்த பெயர் மிளகு. அவர்கள் மாடியில், நான் கீழ் வீட்டில். மிளகு என்னிடம் இறங்கி வந்துவிட்டால் என் காது புண்ணாகிவிடும். அப்படிப் பேசுவாள். ஆனால் வாசலைத் தாண்டினால் வாய்க்குப் பூட்டு. "பேர் என்ன பாப்பா?" என்று யாராவது குனிந்தால் போதும். பேர், வகுப்பு, போன வாரம் வந்த காய்ச்சல் என்று அத்தனையும் அண்ணி வாயிலிருந்து வரும். கேட்டவரும் நிமிர்ந்து அண்ணியோடு பேச ஆரம்பித்துவிடுவார். குழந்தை நடுவில் குடைக்கம்பி மாதிரி நிற்கும்.

வகுப்பு டீச்சர் ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார்.

"எழுத்தெல்லாம் நல்லா வருதும்மா. ஆனா இவ குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் ஆர்வக் கண்காட்சி வருது. ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடிச்ச விஷயத்த மேஜையில வச்சு, வர்றவங்களுக்குத் தானே விளக்கணும். அன்னிக்காவது பேசறாளா பாப்போம். இல்லேன்னா பேச்சுப் பயிற்சி டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிடுங்க."

அன்று மாலை அண்ணி என் வீட்டுச் சமையலறை வாசலில் நின்று அழுதார். ஊருக்கெல்லாம் எந்த டாக்டர், எந்த மாடி என்று சொல்கிறவர், தன் பெண்ணுக்கென்று வந்தபோது ஆடிப்போய்விட்டார். "பிள்ளைக்கு என்ன குறைன்னே எனக்குத் தெரியலையே" என்றார். எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நாத்தனார் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தால் அது எங்கே போய் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டு தண்ணீர் கொடுத்தேன்.

மிளகு எடுத்துக்கொண்ட விஷயம் கால்கள். பள்ளி வேன் அவளை ஆஸ்பத்திரி வாசலில்தான் இறக்கிவிடும். அண்ணி வேலை முடியும்வரை அவள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். எதிர் வரிசையில் காத்திருக்கிறவர்களின் கால்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து வைத்திருக்கிறாள். ஆடுகிற கால், செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டுகிற கால், தரைக்கு எட்டாமல் தொங்குகிற கால்.

"காலா? பட்டாம்பூச்சி பண்ணலாமேடி, கலர் கலரா இருக்குமே" என்றார் அண்ணி. மிளகு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பெற்றோர் கை வைக்கக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டார். கை வைக்கவில்லையே தவிர, அந்த வாரம் முழுக்கக் காலைப் பற்றி விழுந்து விழுந்து படித்தார்.

கண்காட்சி அன்று அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் போனேன். வகுப்பறை பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, நடுவில் மேஜைகளைப் போட்டிருந்தார்கள். ஒரு பையன் தனக்கு விழுந்த பற்களையெல்லாம் பஞ்சில் வரிசையாக வைத்திருந்தான். ஒரு பெண் தன் மாமாவின் குறட்டையைப் பதிவுசெய்து போட்டுக்காட்டிக்கொண்டிருந்தாள். மாமாவும் வந்திருந்தார், பாவம். மிளகின் மேஜையில் படங்கள் மட்டும்தான். பக்கத்தில் காவல் மாதிரி அண்ணி.

முதலில் தலைமை ஆசிரியை வந்தார். "ஏம்மா, காலைப் போய் எதுக்கு வரைஞ்ச?" என்று மிளகைக் கேட்டார். அவள் மூச்சை இழுத்தாள். தோள் உயர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"மனுஷனோட ஒரு பாதத்துல மட்டும் இருபத்தாறு எலும்பு இருக்கு மேடம்" என்றார் அண்ணி. தொடர்ந்து குதிகால் வலி, செருப்பு வாங்கும் முறை, எலும்பு டாக்டர் இரண்டாவது மாடியில் காலையில் மட்டும்தான் இருப்பார் என்பது வரைக்கும் வந்துவிட்டது. தலைமை ஆசிரியையின் பார்வை அண்ணியிடம் போய் அங்கேயே நின்றுவிட்டது. மிளகின் தோள் இறங்கியது.

அடுத்து ஒரு அம்மா ஒரு படத்தைக் காட்டி, "இது யார் கால்?" என்றார். அதற்கும் அண்ணிதான். நான் அவர் கையைக் கிள்ளினேன்.

"எதுக்குடி கிள்றே?"

"அவ பேசட்டும் அண்ணி."

"நான் எங்க பேசினேன்?" என்றார். சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அப்போது மிளகு அண்ணியின் புடவையைப் பிடித்து இழுத்தாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

"அம்மா, நீ வெளிய போறியா? நீ இங்க இருந்தா எல்லாரும் உன்னையே பாக்கறாங்க."

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சமாதானம் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் வாசல் பக்கம் கையைக் காட்டினேன். பையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு நடந்தார். பின்னாலேயே நானும் போனேன்.

"பெத்தவள வெளிய போகச் சொல்லிட்டா, பாத்தியா?" என்றார். "அங்க பேசாம மலைச்சுப்போய் நின்னுட்டா என்ன பண்றது? யார் இருக்கா அவளுக்கு?"

"நின்னா நிக்கட்டும் அண்ணி. கொஞ்ச நேரம் பாருங்க."

வராந்தா ஜன்னல் வழியாக மேஜை தெரிந்தது. யாரோ ஒரு பெரியவர் மிளகின் எதிரில் வந்து நின்றார். கேட்டார். அவள் சும்மா நின்றாள். அண்ணி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். உள்ளே ஓடிவிடுவாரோ என்று நான் பயந்தேன். பெரியவர் நகரவில்லை. காத்திருந்தார். மிளகின் வாய் திறந்தது. ஒரு கை எழுந்தது, பிறகு இன்னொரு கை. பெரியவர் சிரித்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"என்ன சொல்றா? உனக்குக் கேக்குதா?"

கேட்கவில்லை. அவ்வளவு இரைச்சல், போதாக்குறைக்கு மாமாவின் குறட்டை வேறு. அண்ணி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து அழுத்தினார். ஒரு வார்த்தைகூட வந்து சேரவில்லை.

கூரியர் சட்டை போட்ட ஒருவர், யாருடைய அப்பாவோ, எங்களிடம் வந்தார். "கால் படம் வச்சிருக்கறது உங்க பொண்ணாமே? என்னங்க அது?"

அண்ணி வாயைத் திறந்தார். போச்சு என்று நினைத்தேன்.

"நீங்க உள்ள போய் அவளையே கேளுங்க" என்றார் அண்ணி. அவர் திரும்பியதும் பின்னாலேயே இரண்டு அடி ஓடினார். "கேட்டுட்டு வந்து எனக்கும் கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க."

மனிதர் வாக்குத் தவறவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"கெட்டிக்காரப் பொண்ணுங்க. முகத்தப் பாத்தா ஒண்ணும் தெரியாதாம், காலப் பாத்தாத்தான் தெரியுமாம். நல்ல சேதிக்குக் காத்திருக்கறவங்க குதிகாலத் தூக்கியே வச்சிருப்பாங்களாம். பயந்துபோய்க் காத்திருக்கறவங்க ஒரு காலால இன்னொரு கால மிதிச்சுக்கிட்டு இருப்பாங்களாம்."

நான் கீழே பார்த்தேன். அண்ணியின் வலது கால் இடது காலின் மேல் ஏறி நின்றது. அவருக்கு அது தெரியாது. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதுவும் தெரிந்திருக்காது. அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளா சொன்னா? அவ வாயாலயா?" என்றார். "அப்புறம்? அப்புறம் என்ன சொன்னா?"