சாட்சி சொன்னபின் நிறுத்திய மாத்திரை

முதலில் வந்தது இருமல்தான். அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதி என்று நினைத்தோம். சளியில் ரத்தம் கண்டபிறகுதான் என் மனைவி ஸ்டெல்லாவைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். காசநோய் (நுரையீரலை அரிக்கும் கிருமித்தொற்று) என்றார் டாக்டரம்மா. ஆறு மாதம் மாத்திரை.

இரண்டே மாதத்தில் இருமல் நின்றது. எங்கள் சபையில், சுகம் கிடைத்தவர்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். ஸ்டெல்லாவும் எழுந்தாள். "கர்த்தர் என்னை முழுசா சுகமாக்கிட்டார்." ஒரே கைதட்டல். மறுநாள் மாத்திரையைக் கையில் எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டாள். விழுங்கினால் சொன்ன சாட்சி பொய்யாகிவிடுமே என்று பயம். எனக்கு இது பின்னால்தான் தெரிந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி நடக்கலாம். இருமல் நின்றதால் நோய் போய்விட்டது என்று நம்பிவிடாதீர்கள். நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அதுதான் இது.

மழைக்காலத்தில் மறுபடி ரத்தம். பழைய மருந்துக்கே கிருமி இன்னும் அடங்கும் என்று பரிசோதனையில் தெரிந்தது, நல்ல காலம். ஆனால் ஸ்டெல்லா மாத்திரையைத் தொடவில்லை.

"பொய்ச்சாட்சி சொன்னேன், அடிக்கிறார். நீதியுள்ள தேவனாச்சே. அவர் குடுத்த தண்டனையை மாத்திரை போட்டுத் தட்டிக்கழிக்கவா?"

"அடிக்கிற கைதான் அணைக்கும், ஸ்டெல்லா."

"பழமொழி சொல்லியே என்னைப் பொதைச்சுடுவீங்க. அணைக்கிற கையை மொதல்ல காட்டுங்க."

அவள் நாளுக்கு நாள் மெலிந்தாள். பாஸ்டரைக் கூட்டிவந்தேன். வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, நீதியுள்ளவர்னா ஒரே தப்புக்கு ரெண்டு தரம் தண்டிப்பாரா?"

"மாட்டாருங்க பாஸ்டர்."

"உனக்கு வரவேண்டிய தண்டனையை சிலுவையில அவரே வாங்கிக்கிட்டார்னு நம்பித்தானே ஞானஸ்நானம் எடுத்த? மறுபடி நீ எதுக்கு இருமிக்கிட்டுக் கெடக்குற?"

"அப்ப நான் சொன்ன பொய்?"

"தப்புதான். இல்லைன்னு சொன்னா அது அன்பு இல்லை. சபையில சொன்னதை சபையிலயே திருத்து. விசாரிக்காம கைதட்டுனவன் நான், நானும் எழுந்து நிக்கிறேன். நெஞ்சுக்கு மாத்திரையைப் போடு."

அன்றே விழுங்கினாள். ஞாயிறன்று முகக்கவசத்தோடு வெளியே மரத்தடியில் நின்று மைக் பிடித்தாள். "எனக்கு இன்னும் சுகமாகலை. அவசரப்பட்டுட்டேன். மாத்திரை போடுறேன், ஜெபம் பண்ணுங்க." யாரும் கைதட்டவில்லை. ஆராதனை முடிந்ததும் ஓர் அக்கா மட்டும் அருகில் வந்தார். "எனக்கும் ரொம்ப நாளா இருமுதும்மா. எங்க காட்டுற?"

சிகிச்சை முடிந்தது. கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் ஒரு தழும்பு மட்டும் இருந்தது, அது போகாது என்றார் டாக்டரம்மா. பஸ்ஸில் வரும்போது, "அது தண்டனையோ?" என்று நான்தான் கேட்டுத் தொலைத்தேன்.

"தண்டனைன்னா புண்ணாவே விட்டிருப்பாருங்க. இது ஆறிப்போச்சே," என்றாள். "உயிர்த்தெழுந்து வந்தப்ப அவர் கையிலயும் ஆணித் தழும்பு இருந்துச்சுல்ல."

இப்போது பஸ் நிறுத்தத்துக்கு நடக்கையில் பாதி வழியில் அவளுக்கு மூச்சு வாங்கும். நிற்போம். பஸ் எங்களைத் தாண்டிப் போகும். முன்பெல்லாம் ஓடிப் பிடிப்போம். இப்போது அடுத்த பஸ்ஸில் ஏறுகிறோம்.